கால் ஆடினால் கால் மார்க் காலி!

ஒரு பெண் ஒற்றைக் காலில் நிற்கிறாள். தரையில் அல்ல, எதிரெதிராக நிற்கும் இரண்டு பேரின் உள்ளங்கைகளில். பின்னால் நிற்கும் மூன்றாமவர் அவளுடைய கணுக்காலைப் பிடித்திருக்கிறார். இன்னொரு காலைத் தலைக்குப் பின்னால் வளைத்துப் பிடித்தபடி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, பாட்டின் எட்டு எண்ணிக்கை முடியும்வரை அவள் அசையாமல் நிற்க வேண்டும். ஐந்தாவது எண்ணிக்கையில் பாதம் லேசாகத் திரும்புகிறது. கீழே இருப்பவர்கள் சட்டென்று ஓர் அடி நகர்ந்து, முழங்கையை மடக்கி, எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். மூச்சைப் பிடித்திருந்த கூட்டம், அவள் விழவில்லை என்றதும் முன்னைவிடப் பலமாகக் கைதட்டுகிறது.

மேசையில் இருக்கும் நடுவர் ஒருவர் அதற்குள் 0.25 என்று எழுதி முடித்துவிட்டார்.

அவள் நிலை தவறி, கீழே இருப்பவர்களின் கைகளுக்குள் சரிந்திருந்தால் 0.75. தரையில் விழுந்திருந்தால் 1.25. கால், முக்கால், ஒன்றேகால். ஒரே வித்தைக்குள் அடுத்தடுத்து எத்தனை தவறு நடந்தாலும் மொத்தக் கழிவு ஒன்றேமுக்காலைத் தாண்டாது. அமெரிக்காவில் போட்டிச் சியர்லீடிங்கின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கும் வார்சிட்டி நிறுவனத்தின் ஆல்-ஸ்டார் போட்டிகளில் அண்மை ஆண்டுகளில் புழங்கிவந்த கழிவுப் பட்டியல் இது. நூற்றுக்கு 97, 98 என்று வாங்கும் அணிகள் தசமப் புள்ளிக்குப் பின்னால் அடித்துக்கொள்ளும் களத்தில், கால் மார்க் என்பது முதல் பரிசுக்கும் நான்காம் இடத்துக்கும் உள்ள தூரம்.

இரண்டரை நிமிட ஆட்டத்தைப் பார்ப்பவர்கள், இதையெல்லாம் தீர்மானிப்பது ஆடுபவர்களின் துணிச்சலும் கோச்சின் கற்பனையும்தான் என்று நினைப்பார்கள். அவை இரண்டும் வேண்டும்தான். ஆனால் யார் எங்கே நிற்பது, எத்தனை பேர் பல்டி அடிப்பது, எந்த வித்தையை வைப்பது, எதைத் தூக்கிப் போடுவது என்று முதலில் முடிவு செய்வது நடுவர் கையிலிருக்கும் மதிப்பெண் தாள். கோச் அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் பாட்டுக்கே போகிறார்.

ஆதரிக்க இன்னொரு அணி இல்லை

2008-இல் ஐபிஎல் வந்தபோது நம் வீட்டுத் தொலைக்காட்சிகளுக்குள் நுழைந்த சியர்லீடர்கள், ஃபோர் போனால் ஆடுவார்கள், சிக்ஸர் போனால் இன்னும் கொஞ்சம் ஆடுவார்கள். அந்தப் படத்தை மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும். போட்டிச் சியர்லீடிங்கில் ஆதரவு கொடுக்க வேறு அணி கிடையாது. ஆட்டமே இவர்களுடையது.

இதன் வேர் மைதான ஓரத்தில் இருந்தது உண்மை. 1898 நவம்பர் 2 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் நின்று கோஷத்தை வழிநடத்தினார். ஆம், முதல் சியர்லீடர் ஓர் ஆண். 1948-இல் டெக்சாஸைச் சேர்ந்த லாரன்ஸ் ஹெர்கிமர் தேசிய சியர்லீடர்கள் சங்கத்தை ஆரம்பித்து, கோஷம் போடுவதை முகாம் நடத்திச் சொல்லிக்கொடுக்கும் கலையாக்கினார். அவரிடம் வேலை பார்த்த ஜெஃப் வெப் 1974-இல் பிரிந்து போய்த் தனிக் கம்பெனி தொடங்கினார். அதுதான் இன்றைய வார்சிட்டி. பல்டி, பிரமிடு, ஆளைத் தூக்கி வீசுவது எல்லாம் அதன் பிறகுதான் இந்தக் கலையின் மையத்துக்கு வந்தன. பள்ளி, கல்லூரி எதையும் சாராமல் தனியார் ஜிம்களில் பயிற்சி எடுத்து, போட்டிக்காக மட்டுமே ஆடும் அணிகளுக்கு ஆல்-ஸ்டார் என்று பெயர். அவர்களுக்கான உலகப் போட்டி 2004 முதல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் நடக்கிறது.

54 அடிக்கு 42 அடி, அடியில் ஸ்பிரிங் வைத்த தளம். நேரம் 2 நிமிடம் 30 விநாடி. ஸ்டண்ட், பிரமிடு, ஆளை மேலே வீசிப் பிடிக்கும் பாஸ்கெட் டாஸ், நின்ற இடத்திலிருந்து பல்டி, ஓடிவந்து பல்டி, ஜம்ப், நடனம் என அத்தனையும் இதற்குள் அடங்க வேண்டும். ஓர் அணியில் ஐந்து பேரும் இருக்கலாம், முப்பதுக்கு மேலும் இருக்கலாம். இத்தனை உடல்கள் ஒரே நேரத்தில் எட்டுத் திசையிலும் பறக்கும்போது ஒரு மனிதர் எதைப் பார்ப்பார்?

கண்களைப் பங்கு போடுதல்

பெரிய போட்டிகளில் எல்லா நடுவரும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. ஆளை ஆள் தாங்கும் ஸ்டண்ட், பிரமிடு, டாஸ் ஆகியவற்றை ஒரு பிரிவு பார்க்கும். டம்ப்ளிங் எனப்படும் பல்டிகளையும் ஜம்ப்பையும் இன்னொரு பிரிவு. நடனம், அணிவகுப்பு மாறும் விதம், மொத்தத் தோற்றம் ஆகியவற்றைப் பார்ப்பவர்கள் வேறு. இவர்களுக்கு அப்பால் இரண்டு வேலைகள் உண்டு. ஒருவர் தவறுகளை மட்டும் எண்ணுகிறார். இன்னொருவர், செய்த வித்தை அந்தப் பிரிவுக்கு அனுமதிக்கப்பட்டதுதானா என்று மட்டும் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் வீடியோவை ஓட்டிப் பார்ப்பதும் உண்டு.

கூட்டத்தின் பார்வை மேலே பறப்பவளோடு போகும். ஸ்டண்ட் நடுவரின் பார்வை அவள் மேலேயே தங்கிவிட முடியாது. கீழே நிற்கும் பேஸ்களின் கால்கள் நகர்ந்தனவா, கைகள் முழுதாக நீண்டனவா, மேலே பறக்கும் ஃப்ளையரின் இடுப்பு நேராக இருந்ததா, ஐந்து குழுக்களில் நான்கு ஒரே எண்ணிக்கையில் ஏறியபோது ஐந்தாவது அரை எண்ணிக்கை பிந்தியதா என்றெல்லாம் அவர் தேடுகிறார். கண் தளத்தில் இருக்க, கை தாளைப் பார்க்காமலேயே சுருக்கக் குறிகளைக் கிறுக்கிக்கொண்டே போக வேண்டும்.

மதிப்பெண்ணில் இரண்டு பெரிய பகுதிகள் உண்டு. ஒன்று கடினம், மற்றொன்று செய்நேர்த்தி. கடினம் என்றதும் யாரும் செய்யாத அதிசய வித்தைக்குத்தான் அதிகம் கிடைக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. இந்தத் தாள் முதலில் தலையை எண்ணுகிறது. அணியில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அந்த வித்தையைச் செய்தார்கள், பாதிக்கு மேலா, பெரும்பாலோரா, ஏறக்குறைய எல்லோருமா? ஆல்-ஸ்டார் தாளில் இதற்குத் தனி அட்டவணையே இருக்கிறது. அணியின் அளவைக் கண்டுபிடித்து, அதற்கு நேரே தேவையான எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

20 பேர் கொண்ட அணி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்டண்ட்டுக்கு நான்கு பேர் வீதம் ஐந்து குழுக்கள் அமைக்கலாம். அந்த அணியில் ஒரு ஃப்ளையர் மட்டும் கைகளிலிருந்து எழும்பி, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் போய் நிற்கிறாள். அரங்கமே எழுந்து நிற்கும். தாளில் அவளுக்குக் கிடைப்பது சொற்பம். அதைவிட எளிய, ஒரே ஒரு சுற்று ஸ்டண்ட்டை ஐந்து குழுக்களும் ஒன்றாகச் செய்து முடித்தால் அந்த அணி மேல் வரம்புக்குப் போய்விடும். ஒரே கெட்டிக்காரக் குழுவை இங்கே ஒரு தடவை, அங்கே ஒரு தடவை ஏற்றி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டவும் முடியாது. ஒருமுறை கணக்கில் வந்தவர்களை மறுபடி எண்ண மாட்டார்கள்.

மார்கழிக் கோலப் போட்டியில் தெருவின் சூரி ஒருத்தி நாற்பது புள்ளிக் கோலத்தைப் போட்டு அசத்துவதற்குப் பரிசு தராமல், தெருவிலுள்ள எல்லா வாசலிலும் பதினைந்து புள்ளிக் கோலம் பிசகாமல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பரிசு கொடுப்பதைப் போன்றது இது. நட்சத்திரத்துக்கு இது அநியாயம் என்று தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. அணி விளையாட்டு என்று பெயர் வைத்துக்கொண்டு பலவும் ஓரிருவரின் திறமையில் ஓடிக்கொண்டிருக்க, கடைசி வரிசையில் நிற்கும் சுமாரான பெண்ணையும் பல்டி அடிக்கவைத்தால்தான் மார்க் என்று சொல்லும் தாள் இது. கோச்சின் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி அந்தக் கடைசி வரிசைக்குத்தான் போகிறது.

செய்நேர்த்தியிலும் இதே மனநிலைதான். ஃப்ளையரின் உடல்நிலை, பேஸ்களின் பிடி, ஏறி இறங்கும் நடுக்கட்டம், ஒத்திசைவு என்று சில அம்சங்களைப் பிரித்துவைத்திருக்கிறார்கள். ஒருவரிடம் குறை தெரிந்தால் கொஞ்சம் குறையும், அணி முழுக்கப் பரவியிருந்தால் நிறையக் குறையும். ஜம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்களையும் பக்கவாட்டில் விரித்து எழும்பும் டோ டச், ஒரு காலை மடக்கும் ஹர்ட்லர், கால்களைச் சேர்த்து முன்னே நீட்டும் பைக் ஆகிய கடினமான ஜம்ப்களை இடைவெளி விடாமல் கோக்க வேண்டும். ஒன்றையே மூன்று தடவை குதித்தால் போதாது, வகை வேண்டும். கால் எவ்வளவு உயரம் போனது என்றுதான் பார்ப்போம் நாம். நடுவர் தரையிறங்கும் கணத்தைப் பார்க்கிறார். பாதங்கள் சேர்ந்து விழுந்தனவா, ஒரு சாண் பிளந்து விழுந்தனவா? சின்னக் குழந்தைகளின் அணிகளில் கோச்சுகள் தொண்டை வறளக் கத்துவது இந்தப் பாதங்களைச் சேர்க்கச் சொல்லித்தான்.

கூரை போட்ட கடினம்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் வெடித்த மதிப்பெண் சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகு 2006-இல் ஜிம்னாஸ்டிக்ஸ் பழைய 10 மார்க் முறையைத் தூக்கி எறிந்தது. கடினத்துக்குத் தனி, செய்நேர்த்திக்குத் தனி என்று பிரித்து, கடினத்துக்கு உச்சவரம்பே இல்லாமல் திறந்துவிட்டது. துணிந்தவருக்கு வானமே எல்லை.

சியர்லீடிங் அதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. இங்கே கடினத்துக்குக் கூரை உண்டு. வித்தைகள் லெவல் வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆல்-ஸ்டாரில் 1 முதல் 7 வரை. லெவல் 1-இல் கரணம், கார்ட்வீல், பின்னால் வளைந்து கையூன்றி எழும் பேக் வாக்ஓவர் போன்றவை மட்டும். கைகளால் தள்ளிப் பின்புறமாகப் பாயும் ஹேண்ட்ஸ்பிரிங் லெவல் 2-இல் வரும். ஓடிவந்து தரையைத் தொடாமல் அடிக்கும் பேக் டக் லெவல் 3-க்கு. லெவல் 5-இல் காற்றில் ஒரு முழுச் சுற்று, லெவல் 6-இல் இரண்டு. ஒரு லெவலில் பதிவு செய்துகொண்டு மேல் லெவல் வித்தையைக் காட்டினால் பாராட்டு கிடையாது, கழிவுதான் கிடைக்கும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஜிம்னாஸ்ட் விழுந்தால் மெத்தையில் விழுவார். சியர்லீடர் விழுவது பெரும்பாலும் சக மனிதர்களின் மேல், அல்லது அவர்களின் கைகளைத் தாண்டித் தரையில். 2006 மார்ச்சில் செயின்ட் லூயிஸில் ஒரு கூடைப்பந்துப் போட்டியின்போது, தெற்கு இல்லினாய் பல்கலைக்கழக மாணவி ஒருவர் மனிதப் பிரமிடின் உச்சியிலிருந்து மரத்தரையில் தலைகுப்புற விழுந்தார். கழுத்தெலும்பில் முறிவு. ஸ்ட்ரெச்சரில் கட்டி வெளியே கொண்டுபோகும்போது பேண்டு வாத்தியத்தில் கல்லூரிப் பாட்டு ஒலிக்க, அவர் படுத்தபடியே கைகளை மட்டும் அசைத்து ஆடிக்காட்டினார். அந்தக் காட்சி நாடு முழுக்க ஓடியது, நெகிழ்ந்து எழுதினார்கள். விதி எழுதுபவர்கள் நெகிழவில்லை. பாய் விரிக்காத தரையில் உயரமான பிரமிடுகளுக்கும் பாஸ்கெட் டாஸுக்கும் தடை வந்தது. அமெரிக்கப் பள்ளி, கல்லூரிப் பெண்களின் விளையாட்டுகளில் மிகக் கடுமையான காயங்களைக் கணக்கெடுக்கும் ஆய்வு மையத்தின் பட்டியலில் சியர்லீடிங் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. திறந்த உச்சவரம்பை இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

ஆனால் கூரை போட்டதற்கு ஒரு விலை உண்டு. மேல்மட்ட அணிகள் எல்லாமே கடினத்தில் உச்சத்தைத் தொட்டுவிடுகின்றன. பிறகு எதை வைத்துப் பிரிப்பது? செய்நேர்த்தியை, கழிவை, அதற்கும் மேல் புதுமை, தோற்றம் போன்ற வழுக்கலான அம்சங்களை வைத்துத்தான். அதனால்தான் சியர் உலகத்தில் "ஹிட் ஸீரோ" என்பது கிட்டத்தட்ட மந்திரச் சொல். கழிவுப் பகுதியில் பூஜ்யம் வாங்குவது. மேடையிலிருந்து இறங்கும் பிள்ளைகள் கோச்சிடம் முதலில் கேட்பது எத்தனை மார்க் என்றல்ல, ஸீரோ அடித்தோமா என்றுதான்.

கோச்சின் கணக்குப் புத்தகம் இங்கேதான் திறக்கிறது. ஒரு குழுவுக்கு ஒரு கடினமான ஸ்டண்ட் பத்தில் ஏழு தடவைதான் நிற்கிறது. அதை வைத்தால் கடினத்தில் ஒரு மார்க்கில் பத்தில் ஒரு பங்கு கூடலாம். விழுந்தால் முக்கால் போகும். எடுத்துவிட்டால் எண்ணிக்கை அட்டவணையில் ஒரு படி இறங்கும். வைப்பதா, எடுப்பதா? சில கோச்சுகள் சீசன் தொடக்கத்தில் துணிச்சலாக வைத்து, தேசியப் போட்டி நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக உருவிவிடுவார்கள். சிலர் கடைசி வாரம்வரை காத்திருந்து சேர்ப்பார்கள். நான்கு குழுக்கள் உறுதி, ஒன்று மட்டும் ஆட்டம் காண்கிறது என்றால் அந்தக் குழுவின் ஃப்ளையரை மாற்றுவார்கள். மாற்றப்பட்ட பெண் அன்று இரவு என்ன செய்வாள் என்பது மதிப்பெண் தாளில் வராது.

மூன்று தாள், மூன்று ஆட்டம்

தாள் மாறினால் ஆட்டமே மாறும் என்பதற்குச் சர்வதேச சியர் யூனியனின் பங்கீடு நல்ல உதாரணம். நாடுகளுக்கு இடையிலான போட்டிகளுக்கு அவர்கள் பயன்படுத்தும் தாளில் மொத்தம் 100. ஸ்டண்ட்டுக்கு 25, பிரமிடுக்கு 25, பாஸ்கெட் டாஸுக்கு 15. ஆக, ஆளைத் தூக்குவதற்கு மட்டுமே 65. டம்ப்ளிங்குக்கு வெறும் 10. அணிவகுப்பு மாறும் ஓட்டத்துக்கு 5, மொத்தத் தோற்றத்துக்கு 10. மிச்சம் இருக்கும் 10, கூட்டத்தைக் கோஷம் போடவைப்பதற்கு. பாட்டு தொடங்கும் முன் குறைந்தது அரை நிமிடம், கொடி, பதாகை, பாம்பாம், மெகாபோன் சகிதம் நாட்டின் பெயரைச் சொல்லிக் கூட்டத்தை எழுப்ப வேண்டும். டெக்சாஸ் ஜிம் ஒன்றில் வளர்ந்த, பல்டியில் பின்னியெடுக்கும் பெண்ணுக்கு இந்தத் தாள் பெரிதாக எதுவும் தராது. தோள் வலுவுள்ள, நிதானமான பேஸ்களுக்கு இது சொர்க்கம்.

கல்லூரிகளுக்கு வேறு ஒரு தாள். அதற்கான புகழ்பெற்ற மேடை ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில் இருக்கிறது. அட்லாண்டிக் கரையோரம், 1930-களில் கட்டிய திறந்தவெளிக் கல்மேடை. கடற்காற்று ஃப்ளையரைத் தள்ளும், வெயில் கண்ணில் அடிக்கும். ஜெயித்த அணி சீருடையோடு ஓடிப்போய்க் கடலில் விழுவது வழக்கம். 2020 ஜனவரியில் வந்த நெட்ஃபிளிக்ஸின் 'சியர்' தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்த மேடை பழக்கமாகியிருக்கும். டெக்சாஸின் கோர்சிகானா என்ற சிற்றூரிலுள்ள நவாரோ கல்லூரி, 2000-க்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்களை வென்ற அணி. தொடர் வந்தபோது அதன் கோச் மோனிகா ஆல்டாமா. அணியில் நாற்பது பேர், தளத்தில் இறங்குவதோ இருபது பேர்தான். பரம வைரி, அறுபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி ஏதென்ஸ் என்ற ஊரிலிருக்கும் டிரினிட்டி வேலி கல்லூரி.

டேடோனாவில் ஆட்டம் 2 நிமிடம் 15 விநாடி. இரண்டு நாள். முதல் நாள் மார்க்குக்கு 25 சதவீதம்தான், இரண்டாம் நாளுக்கு 75. ஒருமுறை நன்றாக ஆடிவிட்டு ஓய்ந்துவிட முடியாது, ஒருமுறை சறுக்கியதற்காகப் பெட்டியைக் கட்டவும் வேண்டாம். முதல் நாள் இரவு இரண்டு கோச்சுகளும் தாளை விரித்துவைத்துக்கொண்டு உட்காருவார்கள். எங்கே எத்தனை குறைந்தது, காலையில் எந்த வித்தையை மாற்றலாம் என்று பார்ப்பார்கள். 2020-இல் கோவிட்டால் போட்டியே நடக்கவில்லை. 2021-இல் தொடர் புகழின் உச்சியிலிருந்த நவாரோவைத் தோற்கடித்து டிரினிட்டி வேலி கடலில் குதித்தது. தொடரின் இரண்டாம் பருவத்தில் அந்தப் பக்கத்துப் பயிற்சியும் வருகிறது. முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண்ணை ஆராய்ந்து, எதிராளியை எங்கே முந்தலாம் என்று ஆள் தேடிச் சேர்த்திருக்கிறார்கள் என்பது பார்த்தாலே விளங்கும்.

ஆல்-ஸ்டார் போட்டியில் கோச் தாளைப் பார்த்துவிட்டு முறையிடவும் வழி இருக்கிறது. ஐந்து குழு ஏறியதை நான்கு என்று எண்ணிவிட்டார்கள், வித்தையின் வகையைத் தவறாகக் குறித்துவிட்டார்கள் என்றால் குறித்த நேரத்துக்குள் கேட்கலாம். ஃப்ளையரின் கால் நேராக இருந்தது என்று வாதாட முடியாது. எண்ணக்கூடியதற்கு மேல்முறையீடு உண்டு, கண்ணால் மதித்ததற்குக் கிடையாது. புதுமைக்கும் தோற்றத்துக்கும் மார்க் போடும் இடத்தில்தான் மனத்தாங்கல் அதிகம். முதலில் ஆடும் அணிக்கு நடுவர்கள் பின்னால் வருபவர்களுக்கு இடம் விட்டுக் கைவைத்துத்தான் கொடுப்பார்கள், பெயர்பெற்ற ஜிம்முக்குச் சீருடையைப் பார்த்தே கொஞ்சம் ஏறும் என்ற பேச்சு எந்தப் போட்டியின் கார் நிறுத்துமிடத்திலும் கேட்கும். தலையை எண்ணும் அட்டவணைகள் பெருகியதற்கு இந்த முணுமுணுப்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நீதிபதி கேட்ட கேள்வி

மதிப்பெண் தாள் ஒருமுறை நீதிமன்றக் கூண்டிலும் ஏறியது. கனெக்டிகட் மாநிலத்தின் குவின்னிபியாக் பல்கலைக்கழகம் 2009-இல் பெண்கள் கைப்பந்து அணியைக் கலைத்துவிட்டு, அந்த இடத்தில் போட்டிச் சியர்லீடிங் அணியை உருவாக்குவதாக அறிவித்தது. கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்புத் தரச் சொல்லும் 1972-ஆம் ஆண்டின் டைட்டில் 9 சட்டத்தின் கணக்கைச் சியர்லீடர்களை வைத்துச் சரிக்கட்டுவது அதன் திட்டம். கைப்பந்து வீராங்கனைகள் வழக்குப் போட்டார்கள். 2010 ஜூலையில் நீதிபதி ஸ்டீஃபன் அண்டர்ஹில், போட்டிச் சியர்லீடிங்கை இந்தச் சட்டத்தின் கணக்கில் விளையாட்டாகச் சேர்க்க முடியாது என்று தீர்ப்பளித்தார். 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

சியர்லீடர்கள் வியர்வை சிந்தவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அது பார்த்தது ஒழுங்கமைப்பை. அந்த ஒரு சீசனில் அந்த அணி கலந்துகொண்ட போட்டிகளில் ஐந்து வெவ்வேறு மதிப்பெண் முறைகள் இருந்தன. பள்ளி அணிகளோடும் தனியார் ஜிம் அணிகளோடும் சேர்த்துப் போட்டியிட வைத்திருந்தார்கள். ஒரே ஆட்டத்தை ஒரு வாரம் ஒரு தாளிலும் அடுத்த வாரம் வேறு தாளிலும் அளந்தால் அது லீக் ஆகுமா? பின்னாளில் விளையாட்டாக வளரலாம், இன்று அந்த அளவுக்கு வளரவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். ஆணிவேரிலேயே விழுந்த அடி அது. வலித்தாலும் நியாயமான அடி.

தாளை யார் அச்சடிக்கிறார்கள் என்ற கேள்வி அதைவிடச் சங்கடமானது. வார்சிட்டி போட்டிகளை நடத்துகிறது, பயிற்சி முகாம்களை நடத்துகிறது, சீருடைகளையும் விற்கிறது. அதன் சீருடை வடிவங்களுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற வழக்கு 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், வார்சிட்டிக்குச் சாதகமாக முடிந்தது. சந்தையை வளைத்துப்போட்டு விலையை ஏற்றிவிட்டார்கள் என்று ஜிம் உரிமையாளர்களும் பெற்றோரும் தொடுத்த வழக்குகள் 2023-இல் 43.5 மில்லியன் டாலருக்கும், 2024-இல் 82.5 மில்லியன் டாலருக்கும் சமரசமாயின. இந்த வழக்குகளில் நடுவர்கள் மேல் பழியில்லை. ஆனால் மதிப்பெண் முறை ஓராண்டு மாறினால் அடுத்த சீசனுக்கு ஆட்டத்தைப் புதிதாக அமைக்க வேண்டும், புதிதாக முகாமுக்குப் போக வேண்டும், புதிய பாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும். விதியை எழுதுபவரும் வியாபாரியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, செலவு செய்யும் பெற்றோருக்குச் சந்தேகம் வருவதைக் குறை சொல்ல முடியாது.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2021 ஜூலையில் டோக்கியோவில் கூடியபோது சியர் யூனியனுக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. அங்கீகாரம் வேறு, பதக்கப் போட்டி வேறு. சியர்லீடிங் பிறந்த நாட்டிலேயே 2028-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் நடக்கிறது. அங்கே கிரிக்கெட் வருகிறது, சியர்லீடிங் வரவில்லை.

குவின்னிபியாக் தீர்ப்பு கேட்ட ஒழுங்குக்கு விடையாக இரண்டு கிளைகள் முளைத்தன. ஒன்று அக்ரோபாட்டிக்ஸ் அண்ட் டம்ப்ளிங். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ 2020-இல் அதை வளரும் விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது. மற்றொரு விளையாட்டின் பெயரே ஸ்டண்ட், அதுவும் பின்னர் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. மதிப்பெண் தலைவலிக்கு ஸ்டண்ட் கண்டுபிடித்த வைத்தியம் ரொம்ப எளிது. இரண்டு அணிகள் ஒரே தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, முன்கூட்டியே வெளியிடப்பட்ட ஒரே ஆட்டத்தை, ஒரே பாட்டுக்கு, ஒரே நேரத்தில் ஆடும். யார் சுத்தமாகச் செய்தார்கள் என்று பார்த்து அந்தச் சுற்றின் புள்ளியை ஓர் அணிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டண்ட்டுக்கு ஒரு கால்பகுதி, பிரமிடுக்கும் டாஸுக்கும் ஒன்று, ஜம்ப்புக்கும் டம்ப்ளிங்குக்கும் ஒன்று, முழு ஆட்டத்துக்கு ஒன்று. ஸ்கோர் போர்டு கூடைப்பந்து மாதிரி ஓடும். வீட்டிலிருந்து பார்ப்பவருக்கும் யார் முன்னால் இருக்கிறார்கள் என்று தெரியும்.

இதில் புதுமைக்கு மார்க் இல்லை, கூட்டத்தை எழுப்புவதற்கும் இல்லை. இரண்டு அணியும் ஒரே ஆட்டத்தை ஆடுவதால் கோச்சின் கற்பனைக்கு வேலையும் இல்லை. நியாயமான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எதைப் பார்க்கலாம் என்று கேட்டால், நடுவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அந்த இரண்டரை நிமிடத்தைத்தான் நான் போட்டுவிட்டு உட்காருவேன். டேடோனாவுக்கும் ஆர்லாண்டோவுக்கும் வருடம் தவறாமல் படையெடுக்கும் கூட்டத்துக்கும் அதே ருசிதான் போலிருக்கிறது.